தப்பான பதிலுக்கு அப்புறம் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?

[காட்சி: ஆறாம் வகுப்பு. கரும்பலகையில் 1/2 + 1/3.]

குரல்: ஒரு மாணவி எழுந்து, "ஐந்தில் இரண்டு சார்" என்கிறாள். பின்பெஞ்சில் சிரிப்பு. இப்போது ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதை வகுப்பே கவனிக்கிறது.

முதலில் சிரிப்பை நிறுத்துங்கள். "இங்கே யார் பதில் சொன்னாலும் சிரிக்கக் கூடாது." குரலை உயர்த்தாமல் இந்த ஒரு வரி போதும், பிரசங்கம் வேண்டாம். பிறகு அவளிடம், "எப்படி வந்துச்சு, சொல்லும்மா."

[காட்சி: பலகையில் 2/5.]

மேலே உள்ளதை மேலேயும், கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறாள். பின்னத்தில் அடிக்கடி வரும் தப்பு இது. சிரித்தவர்களில் பலர் நோட்டிலும் இதுவே இருக்கும். "அரையோடு கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா?" என்று எல்லோரையும் கேளுங்கள். 5/6 என்ற விடையை அவள் வாயாலேயே வரவழையுங்கள். "நீ உட்காரு" என்று சொல்லிவிட்டு முதல் ரேங்க் பையனிடம் போனால், நாளைக்கு அவள் கை தூக்க மாட்டாள்.

அவசரப்படவும் கூடாது. அமெரிக்க வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் சுமார் 1 விநாடியே காத்திருப்பதைக் கண்டார். 3 விநாடி காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

பட்டப்பெயர், அண்ணனோடு ஒப்பீடு, குறைந்த மார்க்கை உரக்க வாசிப்பது எல்லாம் பிள்ளையின் வாயை அடைக்கும். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 அடிப்பதை மட்டுமல்ல, மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது.

[காட்சி: வகுப்பு முடிந்த வராந்தா.]

கணக்கில் தப்பு வருமோ என்று பயப்படும் பிள்ளை, தன்னை யாரோ தப்பான எண்ணத்தோடு தொட்டதை எப்படிச் சொல்லும்? சொல்ல வந்தால், "ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்காதீர்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்கும் தராதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாது. திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காமல், அந்தப் பிள்ளை சொன்ன வார்த்தைகளிலேயே தேதியோடு எழுதி வையுங்கள்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-இன்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தலைமையாசிரியரிடம் சொன்னதோடு நிறுத்தினால் போதாது. உதவிக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண், தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 14417 என்ற உதவி எண்ணும் உண்டு.

மறுநாள் அந்தப் பிள்ளையாகக் கேட்காதவரை இடம் மாற்றாதீர்கள். திடீரென முன்பெஞ்சில் உட்கார வைத்தால், ஏதோ நடந்திருக்கிறது என்று மற்ற பிள்ளைகள் ஊகித்துவிடுவார்கள்.