பேரிமரத்து நிழல்

நண்பர்களே, திரையில் இருக்கும் இந்த ஓவியத்தைக் கொஞ்ச நேரம் பேசாமல் பாருங்கள். 1565இல் நெதர்லாந்து ஓவியர் பீட்டர் புரூகல் வரைந்த ‘அறுவடைக்காரர்கள்’.

சரி, முதலில் யார் கண்ணில் பட்டார்? எனக்கு எப்போதும் அந்தத் தூங்குகிற ஆள்தான். பேரிமரத்தடியில் கால்களை அகல விரித்து மல்லாந்து கிடக்கிறான். உடம்பில் ஒரு துளி தெம்பு மிச்சமில்லாதவன்தான் அப்படித் தூங்குவான். பக்கத்தில் வட்டமாக உட்கார்ந்து ரொட்டி தின்கிறார்கள். இடப்பக்கம் இரண்டு பேர் நீண்ட பிடி வைத்த அரிவாளை வீசிக் கோதுமை அறுக்கிறார்கள். வலப்பக்கம் ஒருத்தி குனிந்து கதிரைக் கட்டுகிறாள். ஆக, பாதிப் பேர் வேலையில், பாதிப் பேர் ஓய்வில்.

மாதத்துக்கு ஒரு வேலையைப் படமாகப் போடும் வழக்கம் ஐரோப்பாவில் புரூகலுக்கு முன்பே இருந்தது. பணக்காரர்களின் பிரார்த்தனைப் புத்தகங்களில் சின்னச் சின்னப் படங்களாக வரும். புரூகல் அதை எடுத்து, சுமார் 119 செ.மீ. உயரமும் 162 செ.மீ. அகலமும் உள்ள மரப்பலகையில் வரைந்தார். ஆண்ட்வெர்ப் நகர வணிகர் நிக்லாஸ் யோங்கலிங்க் வீட்டுக்காக வரைந்த மாத ஓவிய வரிசையில் இது ஒன்று. அதில் இன்று மிஞ்சியவை ஐந்து. இது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அளவு பெரிதானது ஒரு பக்கம் இருக்கட்டும். பலகையில் நல்ல இடத்தை அவர் யாருக்குக் கொடுத்தார்? குதிரையில் வந்து அதட்டும் எசமானுக்கு இல்லை. அப்படி ஒருவரை இந்த வயலில் நான் தேடித்தேடிப் பார்த்துவிட்டேன், காணோம். பசித்துச் சாப்பிடுகிறவர்களையும் அசந்து தூங்குகிறவனையும்தான் முன்னால் கொண்டுவந்து, பெரிதாக வைத்திருக்கிறார். வேலைக்காரனின் ஓய்வும் வேலையில் சேர்ந்ததுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு இந்த ஓவியத்தின்மேல் இத்தனை பிரியம் வந்ததே அதனால்தான்.

அப்புறம், இடது ஓரத்தைப் பாருங்கள். அறுக்காத கதிருக்குள் ஒரு ஜாடி, வெயில் படாமல் வைத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு சந்து தெரிகிறதா? இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கதிர் நிற்கிறது. அந்தச் சந்து வழியாக ஒருவன் ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வருகிறான். அறுத்து எடுத்த இடம்தான் இப்போது அவனுக்கு வழி.