இஞ்சி முதலில், தேசிக்காய் கடைசியில்

எல்லாருக்கும் வணக்கம். இந்த மழைக்குள்ளும் காலி வீதி நெரிசலுக்குள்ளும் வந்து சேர்ந்திருக்கிறீர்கள், அதிலும் பாதிப்பேர் கையில் லேஞ்சியோடு இருக்கிறீர்கள், ஆகவே சொல்லவேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தடிமனுக்குக் குடிக்க இஞ்சித் தண்ணீர் அவிக்கும்போது இஞ்சியையும் தேசிக்காயையும் ஒரே நேரத்தில் சட்டியில் போடாதீர்கள். இன்றைய பேச்சு இவ்வளவுதான். மிச்சம் எல்லாம் ஏன் போடக்கூடாது என்ற விளக்கமும், இடையிடையே என்னுடைய அலட்டலும்.

தடிமன் என்றவுடன் நம் குசினிகளில் என்ன நடக்கிறது? அடுப்பில் தண்ணீர், அதற்குள் இரண்டு துண்டு இஞ்சி, தேசிக்காய்ப் பாதியைப் பிழிந்து, பிழிந்த கோதையும் அதற்குள்ளேயே போட்டு, எல்லாம் சேர்ந்து கொதிக்கட்டும் என்று விட்டுவிட்டு தொலைக்காட்சி பார்க்கப் போய்விடுவது. திரும்பி வந்து குடித்தால் கைக்கும். கைத்தால்தான் மருந்து என்று சொல்லி மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவோம், பிள்ளைகளையும் விழுங்கச் சொல்லி வெருட்டுவோம். அந்தக் கைப்புக்கும் மருந்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தேசிக்காயை அவித்ததால் வந்த கைப்பு அது.

சரி, இஞ்சியிலிருந்து தொடங்குவோம். சந்தையில் இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று பருத்து, வெளிறி, கழுவித் துடைத்த மாதிரிப் பளபளவென்று இருக்கும் சீன இஞ்சி. மற்றது சின்னச் சின்ன விரல்களாக, மண் ஒட்டிக்கொண்டு, உடைத்தால் நார் தெரிகிற நாட்டு இஞ்சி. பார்வைக்கு முதலாவதுதான் அழகு. கறிக்கு அரைக்கவும் அதுதான் வசதி. ஆனால் இந்தக் குடிநீருக்கு நாட்டு இஞ்சியைத்தான் வாங்கச் சொல்லுவேன், காரமும் மணமும் அதில்தான் தூக்கலாக இருக்கும், நாரைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, எப்படியும் வடிக்கத்தானே போகிறோம். சுக்குக்குப் புறணி நஞ்சு என்று பழைய ஆட்கள் சொல்லுவார்கள், அதனால் தோலைச் சுரண்டிவிட்டுத்தான் போடுவார்கள். நீங்களும் சுரண்டுங்கள். நஞ்சுக்குப் பயந்து இல்லாவிட்டாலும் மண்ணுக்காகவாவது. கரண்டி விளிம்பால் சுரண்டினால் மெல்லிய தோல் மட்டும் போகும், கத்தி வைத்தால் பாதி இஞ்சியும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரோல் என்ற பொருள். மிளகாயின் காரத்தை நாக்கில் எந்த நரம்புமுனைகள் உணருகின்றனவோ அதே முனைகளைத்தான் இதுவும் தொடுகிறது, சூட்டையும் உணர்வது அவைதான், அதனால்தான் ஆறிப்போன இஞ்சித் தண்ணீரைக் குடித்தாலும் தொண்டையில் ஒரு கதகதப்பு வருகிறது. இஞ்சியைக் காயவைத்தால் இந்த ஜிஞ்சரோலில் ஒரு பங்கு ஷோகோல் என்று மாறுகிறது, அதற்குக் காரம் இன்னும் கூட. வேர்க்கொம்பு ஏன் பச்சை இஞ்சியை விட உறைக்கிறது என்பதற்கு இதுதான் பதில். வீட்டில் பச்சை இஞ்சி இல்லை, வேர்க்கொம்புதான் இருக்கிறது என்றால் தாராளமாகப் போடலாம், ஆனால் அளவை நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இஞ்சியை வட்டம் வட்டமாக அழகாக வெட்டிப் போட்டால் தண்ணீருக்கு நிறம்தான் வரும். சின்ன உரலில் இரண்டு இடி இடித்துவிட்டுப் போடுங்கள், உரல் இல்லையென்றால் கப்பின் அடியால் நசுக்குங்கள். அப்புறம் மூடி. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் குசினி முழுக்க இஞ்சி மணக்கிறது என்று சந்தோஷப்படுகிறோமே, அந்த மணம் முழுவதும் கப்புக்குள் வந்திருக்க வேண்டியது. மூடி போட்டு, நெருப்பைக் குறைத்து, பத்து நிமிடம் விடுங்கள். இஞ்சி அவசரத்துக்கு மசியாது, சூடும் நேரமும் கொடுத்தால்தான் தன்னிடம் இருப்பதைத் தரும்.

தேசிக்காய் இதற்கு நேர் எதிர். நெருப்பைக் கண்டால் அதற்கு ஆகாது. அதன் புளியையும் கொட்டையையும் வெள்ளைத் தோலையும் சேர்த்துச் சூடாக்கும்போது லிமோனின் என்ற கைப்புப் பொருள் உருவாகிறது. பிழிந்த உடனே கைக்காத தேசிக்காய்ச் சாறு கொஞ்ச நேரம் வைத்திருந்தால் கைப்பதும் இதனால்தான், சூடு அதை விரைவாக்குகிறது, அவ்வளவுதான். மணமும் அப்படியே, ஆவியோடு போய்விடும். விற்றமின் சியும் சூட்டிலும் காற்றிலும் குறைந்துகொண்டே போகும்.

விற்றமின் சி பற்றிச் சொல்லும்போது ஒரு கப்பற்கதை. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர், ஈறு வீங்கி இரத்தம் கசிகிற ஸ்கர்வி நோய் வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு சோடிக்கும் ஒவ்வொரு பொருள் கொடுத்துப் பார்த்தார். தினமும் இரண்டு தோடம்பழமும் ஒரு எலுமிச்சம்பழமும் (நம் தேசிக்காய் அல்ல, லெமன் என்கிற மஞ்சள் பழம்) சாப்பிட்ட இரண்டு பேர்தான் சட்டென்று தேறினார்கள், இத்தனைக்கும் ஆறு நாளில் பழம் தீர்ந்துவிட்டது. 1795 அளவில் பிரித்தானியக் கடற்படை எலுமிச்சைச் சாறு கொடுக்கத் தொடங்கியது, நோயும் அடங்கியது. எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகு வருவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் எலுமிச்சையை விட்டுவிட்டு மேற்கிந்தியத் தேசிக்காய்க்கு மாறினார்கள். அதில் இயல்பாகவே விற்றமின் சி குறைவு, போதாததற்கு அந்தச் சாறு காற்றிலும் வெளிச்சத்திலும் கிடந்து, செம்புக் குழாய்களுக்குள்ளால் ஓடிப் போத்தலுக்கு வந்தது. 1875இல் வடதுருவத்துக்குப் புறப்பட்ட கடற்படைப் பயணத்தில் சாறு இருந்தும் மாலுமிகளுக்கு ஸ்கர்வி வந்தது. சாறு இருந்தது, சத்து இல்லை. பிழிந்து நாள்கணக்கில் வைத்த தேசிக்காய்ப்புளியை மருந்து என்று நம்பாதீர்கள் என்று நான் சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு பெரிய கப்பல் இருக்கிறது.

அதற்காக ஒரு கப்பில் பிழிகிற தேசிக்காயை வைத்துப் பெரிதாக எதிர்பார்க்கவும் வேண்டாம். அரைத் தேசிக்காயில் 10 முதல் 15 மில்லிலீற்றர் புளி வரும், அதில் நான்கைந்து மில்லிகிராம் விற்றமின் சி இருந்தால் அதிகம். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 75 முதல் 90 மில்லிகிராம் வேண்டும். விற்றமின் சிதான் வேண்டுமென்றால் ஒரு கொய்யாப்பழம் வாங்கிச் சாப்பிடுங்கள், தேசிக்காயை விடப் பல மடங்கு இருக்கிறது, தேசிக்காய் விலை ஏறிக் கிடக்கிற மாதங்களில் கொய்யா மலிவும்கூட. இந்தக் கப்புக்குள் தேசிக்காய் வருவது ருசிக்கு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தோலைப் பற்றி ஒரு வார்த்தை. தோடம்பழத் தோலைக் குப்பையில் போடாதீர்கள். நகத்தால் கீறினால் கண்ணில் தெறிக்கிறதே ஒரு எண்ணெய், மணம் முழுக்க அதில்தான். மேல்தோலை மட்டும் மெல்லிதாகச் சீவவேண்டும், உள்ளே இருக்கிற வெள்ளை வந்தால் கைப்பு. இதற்கு பிபிலைத் தோடம்பழம் கிடைத்தால் விடாதீர்கள். பச்சைத் தோலைப் பார்த்துக் காய் என்று ஒதுக்கிவிடுகிறார்கள், நம் நாட்டில் இரவும் சூடாக இருப்பதால் பழுத்தாலும் தோலின் பச்சை போவதில்லை, உள்ளே நன்றாகவே இனிக்கும். சுப்பர் மார்க்கெட்டில் செம்மஞ்சளாக மின்னுகிற இறக்குமதிப் பழத்தின் மேல் மெழுகும் பூஞ்சை மருந்தும் பூசியிருப்பார்கள், அதைத்தான் எடுக்கவேண்டி வந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிட்டுச் சீவுங்கள்.

இப்போது முழுவதும் ஒரே மூச்சில் சொல்கிறேன், எழுதுகிறவர்கள் எழுதலாம். இரண்டு பேருக்கு 500 மில்லிலீற்றர் தண்ணீர். பெருவிரல் அளவு இஞ்சி, 20 கிராம் வரும், இடித்துப் போட்டு, மூடி, கொதி வந்ததும் நெருப்பைக் குறைத்துப் பத்து நிமிடம். நெருப்பை அணைத்த பிறகு தோடம்பழத் தோல் மூன்று நான்கு சீவல், திரும்பவும் மூடி, ஐந்து நிமிடம். வடித்துக் கப்பில் ஊற்றி, இன்னும் கொஞ்சம் ஆறவிட்டு, குடிக்கிற சூட்டுக்கு வந்ததும் தேசிக்காய் பிழியவும். அலுமினியச் சட்டிக்குள் பிழிந்தால் உலோக ருசி வரும், கப்பில் பிழிந்தால் அந்தப் பிரச்சினையே இல்லை. இந்த ஆறவிடுகிற நேரம் வீண் நேரம் அல்ல. 65 பாகைக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழிவிடக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016இல் அறிவித்திருக்கிறது. தேசிக்காய்க்கும் தொண்டைக்கும் ஒரே காத்திருப்பு போதும்.

இனிப்பு உங்கள் விருப்பம். யாழ்ப்பாணத்திலிருந்து பனங்கட்டி வந்திருந்தால் அதைக் கடித்துக்கொண்டு குடிப்பதற்கு ஈடு இல்லை என்பது என் கட்சி. கித்துள் கருப்பட்டியும் நல்லது. தேன் விடுவதென்றால் அதையும் கடைசியில்தான் விடவேண்டும், கொதிக்கிற சூடு பட்டால் தேனின் மணம் குறைந்துவிடும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் ஒரு துளியும் கூடாது, தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்துக்கள் அந்த வயதில் உயிருக்கே ஆபத்து. அம்மம்மாமார் நாக்கில் தடவிவிட வருவார்கள், அன்பாகத் தடுத்துவிடுங்கள்.

வேறு என்ன சேர்க்கலாம்? வறுத்த கொத்தமல்லி ஒரு தேக்கரண்டி, இஞ்சியோடு முதலிலேயே. அல்லது ஒரு துண்டுக் கறுவா, கையால் நொறுக்கினால் ஏடு ஏடாக உடைகிற நம் கறுவா, கட்டை மாதிரி இருக்கிற பட்டை அல்ல. ஒல்லாந்தர் பயிரிட்டுக் கறுவாத்தோட்டம் என்று பெயர் விழுந்த ஊரில் இருந்துகொண்டு இறக்குமதிப் பட்டை வாங்குவது எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிற விஷயம். அல்லது சேரைப் புல் ஒரு தண்டு. மூன்றில் ஒன்று, மூன்றும் சேர்த்து அல்ல. கொத்தமல்லி, வேர்க்கொம்பு, பற்படாகம், கண்டங்கத்தரி, மரமஞ்சள் என்று ஐந்து சரக்கு கட்டி விற்கிற பஸ்பங்குவ வேறு விஷயம், அது மருந்துக் குடிநீர், புறக்கோட்டை காபோஸ் ஒழுங்கை மருந்துக் கடைகளில் கேட்டு வாங்குங்கள், இதோடு கலக்காதீர்கள்.

முன்வரிசையில் ஒரு அன்ரி, இது தடிமனை மாற்றுமா என்று கேட்கிறார். மாற்றாது அன்ரி. ஆனால் ஆறுதல் தரும், அது கற்பனை அல்ல. 2008இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் தடிமன் பிடித்தவர்களுக்கு ஒரே பழப்பானத்தைச் சிலருக்குச் சூடாகவும் சிலருக்குச் சாதாரணமாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். மூக்கடைப்பை அளந்து பார்த்தால் இரண்டிலும் மாற்றம் இல்லை, ஆனால் சூடாகக் குடித்தவர்களுக்குத் தொண்டை நோவும் குளிரும் களைப்பும் உடனே குறைந்ததாக உணர்ந்திருக்கிறார்கள். வயிற்றுக் குமட்டலுக்கு இஞ்சி உதவுகிறது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரங்கள் உண்டு. நெஞ்செரிவு இருக்கிறவர்களுக்கு இஞ்சியும் புளியும் சேர்ந்து தொல்லை தரலாம். வார்ஃபரின் போல இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் தினமும் குடிப்பதற்கு முன் வைத்தியரைக் கேளுங்கள்.

காய்ச்சல் என்றால் கதையே வேறு. நாம் இருப்பது கொழும்பில், மழைக்குப் பின்னால் டெங்கு வருகிற ஊர். இஞ்சித் தண்ணீர் கொடுத்துப் பார்ப்போம் என்று நாளைக் கடத்தாதீர்கள். வைத்தியரைப் பாருங்கள், இரத்தப் பரிசோதனை எப்போது செய்யவேண்டும் என்று கேளுங்கள், பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், ஐபுபுரோஃபன் எதையும் தொடாதீர்கள். நீராகாரம் நல்லதுதான், ஆனால் டெங்கு சந்தேகம் இருக்கும்போது சிவப்பு, மண்ணிறப் பானங்களைத் தவிர்க்கச் சொல்லுவார்கள், வாந்தி எடுத்தால் அது இரத்தமா பானமா என்று தெரியாமல் போகும். கருப்பட்டி கரைத்த இந்தக் கப்பும் அந்த மண்ணிறப் பட்டியலில் வரும்.

இன்னொரு கேள்வி, பின்னாலிருந்து ஒரு தம்பி. ஒரேயடியாகச் செய்து பிரிட்ஜில் வைக்கலாமா? வைக்கலாம் தம்பி. இஞ்சி அவித்த தண்ணீரை மட்டும் வடித்து, ஆறவிட்டு, மூடிய போத்தலில் இரண்டு மூன்று நாள். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வசதி, வந்து சூடாக்கினால் போதும். தேயிலை இல்லாததால் இராப் படுக்கப் போகுமுன்னும் குடிக்கலாம், நித்திரை கெடாது. ஆனால் குடித்த கையோடு பல் துலக்காதீர்கள், புளி பட்ட பல்லுக்கு அரை மணி நேரமாவது அவகாசம் கொடுங்கள், அதுவரை வெறுந் தண்ணீரால் கொப்பளித்தால் போதும். தேசிக்காயை மட்டும் முன்கூட்டியே போத்தலுக்குள் பிழிந்து வைக்காதே.

பின்மேசையில் இரண்டு பிளாஸ்க் வைத்திருக்கிறோம், வெறும் இஞ்சித் தண்ணீர்தான் இருக்கிறது. தேசிக்காய் வெட்டித் தட்டில் இருக்கிறது, பனங்கட்டி பக்கத்தில், சீனி வருத்தம் உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம். கப்பில் ஊற்றி, கொஞ்சம் ஆறவிட்டு, நீங்களே பிழிந்துகொள்ளுங்கள்.