பின்தட்டில் இரண்டு இருக்கைகள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய வண்டிகளின் பிறப்புக் கதைகளைப் பல ஆண்டுகளாகத் தேடிப் படித்து வருபவன் என்ற முறையில் இந்த வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. இருக்கும் நேரம் முழுவதையும் ஒரே ஒரு வண்டிக்குக் கொடுக்க விரும்புகிறேன்.

அந்த வண்டியை நீங்கள் மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். முன்பாதி ஒரு சிறிய கார், இருவர் அமரலாம். பின்பாதி திறந்த சரக்குத் தட்டு. இது வரைக்கும் புதுமை ஏதுமில்லை. ஆனால் அந்தத் தட்டுக்குள் எட்டிப் பார்த்தால் தரையில் விரிப்பு போடப்பட்டிருக்கிறது. ஓட்டுநர் அறையின் பின்சுவரை ஒட்டி, வண்டி போகும் திசைக்கு முதுகு காட்டியபடி, பிளாஸ்டிக்கால் ஆன இரண்டு இருக்கைகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தலைசாய்ப்பும் சீட் பெல்ட்டும் உண்டு. அமர்ந்தவர் இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொள்ள இரண்டு பிடிகளும் உண்டு. மழைக்கும் வெயிலுக்கும் கூரை மட்டும் இல்லை. இதுதான் ஜப்பானின் ஃபுஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் 1978ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்காவுக்கு அனுப்பிய சுபாரு பிராட்.

இந்த வண்டியைப் பார்க்கும் எவரும் முதலில் கேட்பது, 'இருக்கைகளை ஏன் அங்கே வைத்தார்கள்?' என்றுதான். வடிவமைப்பாளர் ஒருவரின் விளையாட்டுத்தனம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் படித்துத் தெரிந்துகொண்ட வரை, இந்த வண்டியின் உருவத்தைத் தீர்மானித்தவை மூன்று: பனி, படுத்திருக்கும் ஓர் எஞ்சின், உறைந்த கோழி. மூன்றாவது உங்களுக்கு வியப்பாக இருக்கும், அதற்கு வருகிறேன்.

முதலில் பனி. ஜப்பானின் வடகிழக்குப் பகுதியான தொஹோகுவில் குளிர்காலப் பனி கடுமையானது. அங்கே மின்சாரம் வழங்கும் தொஹோகு மின் நிறுவனத்தின் ஊழியர்கள், மலைகளில் ஓடும் மின்கம்பிகளைப் பார்வையிடப் பனிக்காலத்திலும் ஜீப்புகளில்தான் போய் வந்தார்கள். ஜீப் பனியில் ஏறும். ஆனால் உள்ளே இருப்பவர் குளிரில் நடுங்க வேண்டும். ஜீப்பைப் போல ஏறக்கூடியதும் காரைப் போல வசதியானதுமான ஒரு வண்டி கிடைக்குமா என்று அந்த நிறுவனம் மியாகி பகுதியின் சுபாரு விற்பனையாளரிடம் கேட்டது. தொழிற்சாலையிடம் கேட்கவில்லை, விற்பனையாளரிடம் கேட்டது என்பதைக் கவனியுங்கள். அவருடைய பட்டறையில் இருந்தவர்கள், முன்சக்கரங்களால் ஓடும் ஒரு சிறிய சுபாரு வேனை எடுத்து, வேறொரு நிறுவனத்தின் காரான நிஸான் புளூபேர்டின் பின்பக்க டிஃபரன்ஷியலை, அதாவது பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பகுதியை, அதில் பொருத்தி, நான்கு சக்கரங்களும் இழுக்கும்படி செய்துவிட்டார்கள். பிறகுதான் தலைமை நிறுவனம் அந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1971ஆம் ஆண்டு டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் அவ்வகை வண்டி காட்சிக்கு வைக்கப்பட்டது. 1972இல் லியோனி என்ற பெயருடைய காரின் வேன் வடிவம் நான்கு சக்கர இயக்கத்துடன் முறையான உற்பத்திக்கு வந்தது. பிராட் அந்த லியோனியின் பிள்ளை.

ஒரு பட்டறையில் இதைச் செய்து முடிக்க முடிந்ததற்குக் காரணம் அந்த எஞ்சின்தான். நாம் சாலையில் பார்க்கும் பெரும்பாலான வண்டிகளின் எஞ்சினில் சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்கும். சுபாருவின் எஞ்சினில் அவை படுத்திருக்கும். இரண்டு இடப்பக்கம், இரண்டு வலப்பக்கம். இரு உள்ளங்கைகளையும் முஷ்டியாக்கி மார்புக்கு முன்னால் எதிரெதிரே வைத்து, ஒரே நேரத்தில் விலக்கியும் சேர்த்தும் பாருங்கள். உள்ளே பிஸ்டன்கள் செய்வது ஏறத்தாழ அதுதான். 1966இல் வந்த சுபாரு 1000 என்ற காரிலிருந்தே இந்த ஏற்பாடு தொடங்கியது. எஞ்சின் முன்னால் படுத்திருக்க, கியர் பெட்டி அதன் பின்னால் வண்டியின் நடுக்கோட்டில் நீண்டு கிடக்கும். ஆகவே பின்சக்கரங்களுக்கும் விசையை அனுப்ப வேண்டுமென்றால், கியர் பெட்டியின் வாலிலிருந்து ஒரு தண்டை நேராகப் பின்னால் நீட்டினால் போதும். எஞ்சின் குறுக்கே கிடக்கும் காரில் இது இவ்வளவு எளிதாக முடியாது.

எஞ்சின் படுத்திருப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அது. பானெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இடம் மிஞ்சுகிறது. அந்த இடத்தில் ஸ்டெப்னியை வைத்துவிட்டார்கள். பிராட்டின் பானெட்டைத் தூக்கினால் எஞ்சினுக்கு மேலே ஒரு சக்கரம் படுத்திருப்பதைக் காணலாம். சரக்குத் தட்டில் ஸ்டெப்னிக்கு இடம் ஒதுக்க வேண்டியிராததால், இவ்வளவு சிறிய வண்டியின் தட்டு முழுவதும் காலியாகக் கிடைத்தது. அந்தக் காலியிடத்தில்தான் இருக்கைகள் வந்து அமர்ந்தன.

இப்போது கோழிக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் கோழி வளர்ப்பு பெருந்தொழிலாக மாறி, கோழி இறைச்சியின் விலை வெகுவாக இறங்கியது. அந்த மலிவான உறைந்த கோழி கப்பலேறி ஐரோப்பாவுக்கு, குறிப்பாக மேற்கு ஜெர்மனிக்குப் போனது. உள்ளூர்ப் பண்ணையாளர்கள் முறையிட்டார்கள். 1962இல், மேற்கு ஜெர்மனியும் உறுப்பாக இருந்த ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் இறக்குமதிக் கோழியின் மேல் கடுமையான வரி விதித்தது. அமெரிக்கக் கோழியின் விற்பனை சரிந்தது. மேற்கு ஜெர்மனியின் தலைவர் அடினாவருக்கும் அமெரிக்க அதிபர் கென்னடிக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தில் பெரும்பகுதி கோழியைப் பற்றியதாகவே இருந்தது என்று அடினாவரே சொன்னதாகக் கூறப்படுகிறது. பேச்சுவார்த்தைகள் பயன் தரவில்லை. கென்னடி கொல்லப்பட்டு இரண்டு வாரங்கள்கூட ஆகாத நிலையில், 1963 டிசம்பரில், புதிய அதிபர் ஜான்சன் பதிலடி அறிவிப்பில் கையெழுத்திட்டார். உருளைக்கிழங்கு மாவு, பசைக்குப் பயன்படும் டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகுரக லாரி ஆகிய நான்கு பொருள்களுக்கு 25 விழுக்காடு வரி என்றது அது. லாரி அதில் இடம்பெற்றதற்குக் காரணம், ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் வேன்களும் பிக்கப் எனப்படும் திறந்த தட்டுள்ள சிறு லாரிகளும் அமெரிக்காவில் விற்றுக்கொண்டிருந்ததுதான்.

ஒரு செய்தியை மட்டும் மறுபடி சொல்லிவிடுகிறேன்: குறி வைக்கப்பட்டது ஜெர்மனி. ஆனால் பன்னாட்டு வணிக விதிகளின்படி அந்த வரி எல்லா நாடுகளின் லாரிகளுக்கும் பொருந்தியது. கோழிச் சண்டையில் எந்தப் பங்கும் இல்லாத ஜப்பானும் அதில் அகப்பட்டுக்கொண்டது. மற்ற மூன்று பொருள்களின் மேலிருந்த வரி பின்னாளில் நீங்கியது. லாரியின் மேலிருந்த வரி நீங்கவில்லை.

அமெரிக்காவில் பிக்கப் விற்ற மற்ற ஜப்பானிய நிறுவனங்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தன. பின்தட்டு இல்லாமல், ஓட்டுநர் அறையும் சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டமும் மட்டுமாக வண்டியைக் கப்பலேற்றி, துறைமுகத்தில் இறக்கிய பிறகு தட்டைப் பொருத்தினார்கள். அரைகுறை வண்டிக்கு வரி மிகக் குறைவு. 1980 வரை அந்த வழி திறந்திருந்தது. ஆனால் பிராட்டுக்கு அது பொருந்தாது. பிராட் காரிலிருந்து பிறந்தது. அதற்குத் தனியாக ஒரு சேஸிஸ் கிடையாது. ஓட்டுநர் அறையும் தட்டும் ஒரே உடல். அறுத்து அனுப்ப முடியாது.

அறுக்க முடியாத வண்டியைக் கார் என்று ஏற்கச் செய்வதே மீதமிருந்த வழி. பயணியர் காருக்கான வரி, லாரி வரியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஒரு பேச்சுக்கு வண்டியின் விலை 4,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், லாரி என்றால் 1,000 டாலர் வரி, கார் என்றால் 100 டாலர் வரி. பின்னால் பயணிகள் அமரும் இருக்கை இருந்தால் அது பயணியர் ஊர்தி. ஆகவே இரண்டு இருக்கைகள் வந்தன, தரை விரிப்பும் வந்தது. பை-டிரைவ் ரெக்ரியேஷனல் ஆல்-டெரெய்ன் டிரான்ஸ்போர்ட்டர் என்ற நீண்ட பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து பிராட் என்று அழைத்தார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அடங்காத பிள்ளை என்று பொருள்.

இந்த இருக்கைகளை வெறும் சுங்கத் தந்திரம் என்று ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. சுங்க அதிகாரிக்காக மட்டுமே வைத்திருந்தால் இரண்டு வெற்றுப் பலகைகள் போதுமானவை. தலைசாய்ப்பையும் சீட் பெல்ட்டையும் கைப்பிடிகளையும் யாரோ ஒருவர் அமரப்போகிறவரை நினைத்துத்தான் வரைந்திருக்கிறார். ஆயினும் திறந்த தட்டில் மனிதர்களை அமர்த்துவது ஆபத்து என்பதை மறுக்க முடியாது. விபத்தில் அவர்களைக் காக்க அங்கே சுவரும் இல்லை, கூரையும் இல்லை. 1985ஆம் ஆண்டு மாடலுக்குப் பிறகு அந்த இருக்கைகள் வரவில்லை.

நேரம் முடியப்போவதாக எதிரே இருப்பவர் சைகை காட்டுகிறார். வண்டியின் இரண்டாம் தலைமுறையைப் பற்றியும், அதன் முகப்பின் நடுவில் சின்னத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த மூன்றாவது விளக்கைப் பற்றியும் பேச எண்ணியிருந்தேன், அதற்கு இடமில்லை. அமெரிக்க அதிபராக இருந்த ரொனால்ட் ரேகன் தம் கலிபோர்னியப் பண்ணையில் 1978ஆம் ஆண்டின் சிவப்பு பிராட் ஒன்றை வைத்திருந்தார் என்பதையும், அமெரிக்காவில் விற்பனை 1987இல் நின்றது என்பதையும் மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் இதே வண்டி பிரம்பி என்ற பெயரில் விற்றது. அங்கே காட்டுக்குதிரையை அப்படித்தான் அழைப்பார்கள். கோழிச் சண்டையில் பிறந்த அமெரிக்க லாரி வரி ஆஸ்திரேலியாவில் செல்லாது என்பதால் பிரம்பியின் தட்டில் இருக்கையும் இல்லை, விரிப்பும் இல்லை. அமெரிக்கர்கள் முதுகைத் திருப்பி அமர்ந்து வந்த அதே இடத்தில் அங்கே சரக்கு மட்டும் பயணம் செய்தது. வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் கேட்ட உங்களுக்கும் நன்றி, வணக்கம்.