ஒரு யூத முதியோர் இல்லமும் அதன் தொண்டர்களும்

வணக்கம் நேயர்களே.

வடமேற்கு லண்டனில் இருக்கும் ஒரு யூத முதியோர் இல்லத்துக்குச் சில வருடங்களாக வெள்ளிக்கிழமைகளில் தொண்டராகப் போய் வருகிறேன். அதைப் பற்றிக் கதைக்க முடியுமா என்று நிலையத்தார் கேட்டதும் உடனே சம்மதித்தேன். நம்மவர்களிடம் இதைச் சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அவர்களிடம் காசு இருக்கிறது, அவர்களுக்கு என்ன குறை?" காசு மட்டும் இருந்தால் கட்டிடம் எழும்பும். அந்தக் கட்டிடத்துக்குள் ஒரு வயதான மனிதர் தன் சனங்களுக்கு நடுவே இருப்பதுபோல உணர வேண்டுமானால் வேறு என்னவெல்லாம் தேவை என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

இந்த நாட்டில் யூத முதியோரைப் பராமரிக்கும் பெரிய தொண்டு நிறுவனங்களில் ஒன்று ஜூயிஷ் கேர். இந்தப் பெயரில் அது 1990இல்தான் வந்தது. ஆனால் அதற்குள் சேர்ந்த இரண்டு அமைப்புகளும் மிகப் பழையவை. ஒன்று பார்வையற்ற யூதர்களுக்காக 1819இல் தொடங்கப்பட்டது. மற்றது 1859இல் யூத ஏழைகளுக்கு உதவ எஃப்ரைம் அலெக்ஸ் என்பவர் தலைமையில் உருவான சபை. அந்தச் சபை செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது தையல் இயந்திரம். கையில் காசில்லாமல் வந்திறங்கிய தையற்காரருக்கு உணவுச் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடாமல், தவணை முறையில் ஒரு தையல் இயந்திரத்தையும் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். வட்டியில்லாக் கடன் கொடுத்தார்கள். பிள்ளைகளைத் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடீஸ் தானத்தை எட்டுப் படிகளாக வகுத்தவர். ஒருவர் இனிமேல் யாரிடமும் கையேந்தத் தேவையில்லாதபடி அவருக்குக் கடனோ வேலையோ கொடுப்பதைத்தான் அவர் உச்சிப்படியில் வைத்தார். கிழக்கு லண்டனின் ஒடுங்கிய தெருக்களில் அந்தப் படி தையல் இயந்திரமாக வந்து சேர்ந்தது.

1881இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டார். அதன் பிறகு அங்கே யூதர்கள் மீது வன்முறை வெடித்தது. வறுமையும் சேர்ந்து துரத்த, 1914 வரைக்கும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பிரிட்டனில் வந்து குடியேறினார்கள். கிழக்கு லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பக்கம் போகிறவர்கள் புரூன் தெருவில் ஒரு கட்டிடத்தைப் பார்க்கலாம். யூத ஏழைகளுக்கான சூப் கூடம் அது. 1854இல் தொடங்கிய தொண்டு, 1902இல் இந்தக் கட்டிடத்துக்கு வந்தது. முகப்பில் சூப் கிண்ணத்தின் சிற்பம் இருக்கிறது. யூத ஆண்டுக் கணக்கில் 5662 என்று பொறித்திருக்கிறார்கள். உள்ளே வர ஒரு கதவு, வெளியே போக இன்னொரு கதவு. இரண்டுக்கும் மேலே எழுத்தும் செதுக்கியிருக்கிறார்கள். எவ்வளவு கூட்டம் வந்திருந்தால் கதவை இப்படிப் பிரித்திருப்பார்கள்! 1992 வரைக்கும் அங்கே உணவு கொடுத்தார்கள். வசதி வந்தவர்கள் வடக்கே ஹெண்டன், கோல்டர்ஸ் கிரீன், எட்ஜ்வேர் என்று நகர்ந்த பிறகும், நகர முடியாத முதியவர்கள் கிழக்கிலேயே இருந்தார்கள். அவர்களுக்காக அந்தக் கதவு திறந்தே இருந்தது.

சரி, இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளி சூரிய அஸ்தமனத்தோடு தொடங்கும். அதற்குப் பதினெட்டு நிமிடம் முன்னதாக விளக்கேற்றுவது பரவலான வழக்கம். லண்டன் டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். அப்படியானால் மூன்றரை மணியளவில் மெழுகுதிரி ஏற்றியாக வேண்டும். இது மதிய உணவுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் அவசர அவசரமாகச் செய்கிற வேலையில்லை. காலையிலிருந்தே வீடு அதற்குத் தயாராகும். வெள்ளை மேசைவிரிப்பு, திராட்சைரசத்துக்கு வெள்ளிக் கிண்ணம், துணியால் மூடிவைத்த இரண்டு பின்னல் பாண். எகிப்திலிருந்து வெளியேறி வனாந்தரத்தில் அலைந்த காலத்தில், ஓய்வுநாளுக்காக முதல் நாளே இரண்டு பங்கு உணவு வானத்திலிருந்து கிடைத்தது என்பது அவர்களுடைய வேதக்கதை. அதனால்தான் பாண் இரண்டு.

என்னுடைய வேலை ஆட்களை அறையிலிருந்து மேசைக்குக் கூட்டிவருவது. கேட்க இலகுவாக இருக்கும். ஆனால் அந்த வேலைக்கே ஒன்றரை மணித்தியாலம் தேவைப்படும். ஏனென்றால் வெள்ளிக்கிழமைக்கு உடுத்தவேண்டும். ஒரு அம்மாவுக்கு முத்துமாலை வேண்டும், அதுவும் நீட்டு மாலை. இன்னொருவர் உதட்டுச் சாயம் பூசாமல் கதவைத் தாண்ட மாட்டார். கழுத்துப்பட்டி கட்ட விரும்பும் ஒரு ஐயாவுக்கு விரல் ஒத்துழைக்காது, ஆனால் வேறு ஆள் கட்டினால் முடிச்சுச் சரியில்லை என்பார். அவிழ்த்துத் திரும்பக் கட்டவேண்டும். சம்பளத்துக்கு வேலை செய்கிற பராமரிப்பாளருக்கு இதற்கெல்லாம் நேரம் கிடைக்காது. ஒருவர் எட்டுப் பேரைப் பார்க்க வேண்டியிருந்தால் மாலையின் நீளத்தைப் பற்றி யோசிக்க முடியுமா? தொண்டர் கொண்டுவருவது இந்த நேரத்தைத்தான்.

தீப்பற்றும் பயத்தால் பல இல்லங்களில் மின்சார மெழுகுதிரிதான் வைப்பார்கள். ஆனாலும் விளக்கேறியதும் பெண்கள் இரண்டு கையாலும் ஒளியைத் தங்கள் பக்கம் மூன்று தரம் வளைத்து எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஆசீர்வாதம் சொல்வார்கள். மறதிநோய் முற்றி, மகளின் பெயர்கூட வாயில் வராதவர்கள் கையிலும் அந்த அசைவு பிசகாமல் வரும். சின்ன வயதில் தாயைப் பார்த்துப் பழகியது அது. மற்ற நாட்களில் அமைதியிழந்து நடந்துகொண்டே இருக்கிறவர்கள் அன்று மேசையில் ஒரு மணித்தியாலம் இருந்து பாடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இதை மருந்தால் செய்ய முடியாது. அந்த ஊரில், அந்தச் சனங்களோடு, அந்தக் கிழமையை விடாமல் வைத்திருந்தால்தான் முடியும்.

சமையலறைக்கும் சட்டம் உண்டு. இறைச்சியும் பாலும் சேரக்கூடாது. இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனிக் கழுவும் தொட்டி. கோழி சூப் குடித்த பிறகு சில மணித்தியாலத்துக்குப் பால் கிடையாது. தேநீரைப் பாலோடு குடித்தே பழகிய லண்டன் முதியவர்களுக்கு அந்த நேரத்தில் பாலில்லாத வெண்மையாக்கி ஊற்றிக் கொடுப்போம். வெளியிலிருந்து வீட்டுச் சமையல் எதையும் கொண்டுபோகக் கூடாது. நம் பழக்கத்துக்கு வெறுங்கையோடு போவது ஒரு மாதிரியாகத்தான் இருக்கும், ஆனால் அது அவர்களுடைய வீடு, அவர்களுடைய முறை.

நோயாளியைப் போய்ப் பார்ப்பது யூத மரபில் ஒரு கடமை. அதைப் பற்றி யூதச் சட்டங்களும் அறிஞர்களின் விவாதங்களும் அடங்கிய பழைய நூலான தல்மூத்தில் மிக நுணுக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள். பார்க்க வருகிறவர் நோயின் அறுபதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறாராம். பகலின் முதல் மூன்று மணியிலும் கடைசி மூன்று மணியிலும் போகவேண்டாம் என்று ஒரு விதி. காலையில் நோயாளி நன்றாக இருப்பதுபோலத் தெரிவார், வந்தவர் அவருக்காக மன்றாட மறந்துவிடுவார். மாலையில் மிக மோசமாகத் தெரிவார், வந்தவர் நம்பிக்கை இழந்துவிடுவார். இன்னொரு விதி, கட்டிலிலோ உயர்ந்த ஆசனத்திலோ இருக்காமல் தாழ இருக்க வேண்டும் என்பது. எங்களுக்கு நடந்த பயிற்சியிலும் இதையே வேறு மாதிரிச் சொன்னார்கள்: சக்கர நாற்காலியில் இருப்பவரோடு நின்றுகொண்டு கதைக்காதீர்கள், உங்கள் கண் அவர் கண்ணுக்கு மேலே போகவேண்டாம்.

அந்தப் பயிற்சியில் என்னை அதிகம் பாதித்த பகுதி ஒன்று உண்டு. இந்த இல்லங்களில் இருப்பவர்களில் சிலர் நாசிகளின் இன அழிப்பிலிருந்து தப்பியவர்கள். 1938 டிசம்பரிலிருந்து 1939 செப்டெம்பரில் போர் தொடங்கும் வரை, ஏறக்குறைய 10,000 பிள்ளைகள் பெற்றோர் இல்லாமல் ரயிலிலும் கப்பலிலும் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலானோர் யூதப் பிள்ளைகள். அவர்களில் பலர் பெற்றோரைப் பிறகு காணவே இல்லை. நாசிகளின் வதைமுகாம்களிலிருந்து உயிரோடு மீண்டு 1945இலும் அதற்குப் பிறகும் வந்த இளையோரும் உண்டு. வாழ்நாள் முழுக்க வேலை, குடும்பம் என்று அதை அடக்கி வைத்திருந்தவர்களுக்கு, முதுமையில் மறதிநோய் வரும்போது நேற்று நடந்தது மறைந்து, எண்பது வருடத்துக்கு முந்தியது முன்னுக்கு வந்து நிற்கிறது. அப்போது நாம் சாதாரணம் என்று நினைப்பது எதுவும் அவர்களுக்குச் சாதாரணமாக இருப்பதில்லை. குளிக்கும் அறையில் மேலிருந்து தண்ணீர் கொட்டுவதுகூட முகாமை நினைவூட்டும். வரிசையில் நிற்கச் சொல்வது. சீருடை, கனத்த காலணிச் சத்தம், நாய் குரைப்பு. கையில் கட்டும் அடையாளப் பட்டி. தலையணைக்குக் கீழே பாண் துண்டை ஒளித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். சுத்தம் செய்கிறோம் என்று அதை எடுத்து எறியக்கூடாது, வேண்டுமானால் பழையதை எடுத்துப் புதியது வைக்கவேண்டும். எங்கள் வீடுகளிலும் செல்லடிக்கும் பதுங்கு குழிக்கும் தப்பி வந்தவர்கள் முதுமை அடைந்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே இதை நான் வெறும் பாடமாகக் கேட்கவில்லை.

இப்படித் தப்பியவர்களுக்கென்றே 1993இல் ஹெண்டனில் ஒரு மையம் திறந்தார்கள். ஜூயிஷ் கேர்தான் நடத்துகிறது. அவர்கள் ஒருவரையொருவர் சந்தித்துச் சாப்பிட, பாட, சீட்டாட, வாதாட ஓர் இடம். மனநல ஆலோசனையும் கிடைக்கும். இதில் எனக்குப் பிடித்தது, அங்கே வருகிறவர்கள் உதவி பெறுகிறவர்களாக மட்டும் நடத்தப்படுவதில்லை. தப்பியவர்களில் பலர் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குத் தங்கள் கதையைச் சொன்னார்கள். தொண்ணூறு வயதிலும் போனவர்கள் உண்டு. ஒரு மனிதரிடம் வாங்குவதை நிறுத்திவிட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அவர் சீக்கிரம் வாடிப்போவார் என்பது என் அனுபவம்.

தொண்டர்கள் யார் என்று கேட்பீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கணக்காளர்கள், கடை வைத்திருந்தவர்கள். தொண்டு வேலையும் செய்து இளையோர் பெறுகிற எடின்பரோ கோமகன் விருதுக்காக வரும் உயர்தர வகுப்புப் பிள்ளைகள். இவர்கள் முதியவர்களுக்கு கைத்தொலைபேசியில் பேரப்பிள்ளையோடு முகம் பார்த்துக் கதைக்கப் பழக்குவார்கள். விருது கிடைத்த பிறகும் விடாமல் வருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். கார் ஓட்டுகிறவர்கள், தனியே வீட்டில் இருப்பவர்களுக்கு யூத முறைப்படி சமைத்த சூடான உணவு கொண்டுபோகிறவர்கள், தொலைபேசியில் நலம் விசாரிக்கிறவர்கள். எங்கள் இல்லத்துக்கு வரும் தொண்டர்களில் சிலர் அங்கே வசிப்பவர்களைவிட வயதில் மூத்தவர்கள்.

சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களில் யூதரல்லாதவர்களே அதிகம். பிலிப்பைன்ஸ், கானா, இந்தியா, இலங்கை என்று பல நாட்டுக்காரர்கள். எபிரேயப் பாடலை ஒரு கானா நாட்டுத் தாதி முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை பாடிக் கேட்டிருக்கிறேன். டிசம்பர் 25ஆம் தேதி இது தலைகீழாகும். கிறிஸ்தவ ஊழியர்கள் வீட்டில் இருக்கட்டும் என்று அன்று யூதத் தொண்டர்கள் குடும்பமாக வந்து மேசை போட்டு, பரிமாறி, கழுவிவிட்டுப் போவார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். குளிப்பாட்டுவது, தூக்குவது, மருந்து கொடுப்பது எதையும் தொண்டர் தொடுவதில்லை. அது பயிற்சி பெற்றவர்களின் வேலை, அதற்கு நியாயமான சம்பளம் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் 23,250 பவுணுக்கு மேல் சொத்து இருப்பவர் முதியோர் இல்லச் செலவைத் தானே கட்டவேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் உள்ளூராட்சி சபை உதவும், ஆனால் அது கொடுக்கும் தொகை பல இடங்களில் உண்மைச் செலவுக்குப் போதாது. மிச்சத்தைச் சமூகம் நன்கொடையாகத் திரட்டுகிறது. அரசாங்கம் கொடுக்க வேண்டியதைத் தொண்டரின் தலையில் கட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு இளைஞராக வந்த நம்மவர்களும், அதற்கு முன்பே படிக்க வந்தவர்களும் இப்போது அறுபது, எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக இங்கிலீஷ் மறந்து தமிழ் மட்டும் மிஞ்சுகிற ஒருவர், தமிழ் தெரியாத இல்லத்தில் அவித்த உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு இருப்பதை நினைக்கவே எனக்குத் தாங்கவில்லை. அதற்கு உடனே கட்டிடம் கட்டவேண்டும் என்று நான் சொல்லவில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியைச் சம்பளமில்லாமல் இத்தனை வருடம் நடத்திய சமூகம் இது. கோயில் மண்டபத்தில் முதியோருக்குக் கிழமைக்கு ஒரு மதியச் சாப்பாடு, குறித்த நாளில் ஒரு தொலைபேசி அழைப்பு, இவற்றை நம்மால் செய்ய முடியும். சில இடங்களில் ஏற்கனவே நல்லபடி செய்கிறார்கள், அவர்களோடு போய்ச் சேருங்கள்.

யூத இல்லத்துக்கு யூதரல்லாதவர் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு: தாராளமாகப் போகலாம். விண்ணப்பப் படிவம், உங்களைத் தெரிந்தவர்களின் பரிந்துரை, பொலிஸ் பதிவுச் சரிபார்ப்பு, பிறகு பயிற்சி. எல்லாம் முடியச் சில கிழமைகள் எடுக்கும், பொறுத்திருங்கள். கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் போதும். ஆனால் உங்களால் உண்மையில் வரக்கூடிய நாளைச் சொல்லுங்கள். வர முடியாவிட்டால் முன்கூட்டியே அறிவியுங்கள், அங்கே ஒருவர் உங்களை எதிர்பார்த்து உடுத்தி இருப்பார். யூத இல்லம் தூரம் என்றால் ஹாரோ, வெம்ப்ளி, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் என்று நீங்கள் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் உள்ள எந்த முதியோர் இல்லத்திலும் கேட்டுப் பாருங்கள். தமிழ் கதைப்பேன் என்பதை மறக்காமல் சொல்லிவிட்டு வாருங்கள். அங்கே தமிழர் ஒருவர் இருந்தால் உங்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

நன்றி. வணக்கம்.