ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்ட வரி

நேயர்களுக்கு வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் ஓர் எழுத்தாளர் என்னிடம் ஆலோசனைக்கு வந்தார். கையில் நான்காக மடித்த ஒரு தாள். பதிப்பகத்தின் லெட்டர்பேடில் மொத்தம் மூன்றே வரி. ‘தங்கள் நாவலை வெளியிடுகிறோம். அனைத்து உரிமைகளும் எங்களுக்கே. ராயல்டி 10 சதவீதம்.’ கீழே இரண்டு கையெழுத்து, எட்டு வருடத்துக்கு முந்தைய தேதி. புத்தகம் எப்போதோ தீர்ந்துவிட்டது, மறுபதிப்பும் வரவில்லை. இப்போது வேறொருவர் போடக் கேட்கிறார். “எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டேனே சார்” என்றார்.

தாளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எத்தனை வருடத்துக்கு என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. அவரைக் காப்பாற்றியது அந்த இல்லாத சொல்தான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, அதன் 19ஆம் பிரிவு இப்படிப்பட்ட இடைவெளிகளைத் தானே நிரப்பிவிடுகிறது. உரிமையை மாற்றிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்று வைத்துக்கொள்ள வேண்டும். எந்தெந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். அதாவது அவருடைய நாவல் மூன்று வருடத்துக்கு முன்பே அவரிடம் திரும்பி வந்துவிட்டது. அவருக்குத்தான் அது தெரியவில்லை.

இன்னொரு விதியும் உண்டு. வாங்கிக்கொண்ட உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு மாதிரிச் சொல்லாத வரை, அந்த உரிமை காலாவதியாகிவிடும். கையெழுத்துப் பிரதியை வாங்கி அலமாரியில் பூட்டி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2012 திருத்தம் மேலும் ஒன்றைச் சேர்த்தது. கையெழுத்திட்ட நாளில் வழக்கத்திலேயே இல்லாத ஊடகத்துக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, அந்த ஒப்பந்தம் செல்லாது.

இதெல்லாம் எழுத்தாளருக்கு மட்டுமே லாபம் என்று பதிப்பாளர்கள் முகம் சுளிக்க வேண்டாம். மெய்ப்பு பார்த்து, அட்டை போட்டு, ஒரு புத்தகத்தை மெல்ல மெல்ல விற்பனைக்குக் கொண்டுவந்த பதிப்பாளருக்கு ஆறாவது வருடம் அந்தப் புத்தகம் இல்லை என்றால் வலிக்கத்தான் செய்யும். 10 ஆண்டு வேண்டுமென்றால் 10 ஆண்டு என்று எழுதுங்கள். மூன்று வரிக் கடிதத்தால் அதிகம் இழப்பது பல நேரம் பதிப்பாளர்தான். வாய்ப்பேச்சு மட்டும் என்றால் இன்னும் மோசம். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். ‘நமக்குள்ள எதுக்கு சார் இதெல்லாம்’ என்ற பேச்சோடு தொடங்கிய எத்தனையோ நட்பு வக்கீல் நோட்டீஸில் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், ராயல்டி பாக்கி. பொதுவாக அதற்கு மூன்று வருடக் கெடு உண்டு. மரியாதைக்காகக் கேட்காமல் இருந்தவர்கள் பணத்தோடு வழக்குப் போடும் உரிமையையும் இழக்கிறார்கள்.

அடுத்தவர் எழுத்தை எடுத்தாள்வதற்கு வருவோம். ‘நாலு வரி வரைக்கும் போட்டுக்கலாம்’ என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. சட்டத்தில் அப்படி வரிக் கணக்கே இல்லை. விமர்சனத்துக்காக, மதிப்புரைக்காக நியாயமான அளவு மேற்கோள் காட்டலாம். நாவலின் அத்தியாயத் தலைப்புக்குக் கீழே அழகுக்காக ஒரு சினிமாப் பாட்டின் பல்லவியைப் போடுவது அதில் சேருமா என்பது சந்தேகம்தான்.

கடிதங்கள் விஷயத்தில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஒரு பெரிய எழுத்தாளர் உங்களுக்கு எழுதிய 40 கடிதங்கள் உங்கள் பெட்டியில் இருக்கின்றன. தாள் உங்களுடையது. வாசகம் அவருடையது. அவர் அனுமதி இல்லாமல் தொகுத்து வெளியிட முடியாது. அவர் காலமாகிவிட்டால் வாரிசுகளிடம் கேட்க வேண்டும். மூன்று பிள்ளைகள் இருந்து, மூத்தவரிடம் மட்டும் கையெழுத்து வாங்கிப் புத்தகம் போட்டால், வெளிநாட்டில் இருக்கும் கடைசிப் பிள்ளை ஒரு நாள் கேள்வி கேட்பார்.

எவ்வளவு காலம் கேட்க வேண்டும்? எழுத்தாளர் இறந்த மறு ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 1970இல் இறந்தவர் என்றால் 2030 டிசம்பர் கடைசி வரை உரிமை உண்டு. முன்பு இது 50 ஆண்டாக இருந்தது. தாகூர் மறைந்தது 1941இல். அவர் எழுத்துகளின் உரிமை 1991 முடிவில் தீர இருந்த சமயத்தில்தான் பத்து ஆண்டு கூட்டினார்கள். தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியவை தனி. அவற்றை யாரும் வெளியிடலாம்.

அவதூறு பற்றி ஒரு வார்த்தை. ‘இதில் வரும் பாத்திரங்கள் கற்பனையே’ என்ற வரி கவசம் அல்ல. ஊர், தொழில், குடும்பம் எல்லாம் பொருந்தி, படிப்பவர் ஆளைக் கண்டுகொண்டால் பெயரை மாற்றியிருப்பது உதவாது. உண்மையைத்தானே எழுதினேன் என்று சொன்னாலும், குற்றவியல் சட்டம் அந்த உண்மை பொது நன்மைக்காகச் சொல்லப்பட்டதா என்றும் கேட்கும். இறந்தவரைப் பற்றி எழுதினாலும், குடும்பத்தார் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் வழக்கு வரலாம். இப்படி வழக்கு வந்தால் செலவு முழுவதும் எழுத்தாளர் தலையில் என்று ஒரு வரி பல ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். முதலில் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

அந்த எழுத்தாளர் புதிய பதிப்பாளரின் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு போன வாரம் மறுபடி வந்தார். இந்த முறை நாலு பக்கம். காலம் 7 ஆண்டு, அச்சுப் புத்தகம், மின்னூல் என்று தனித்தனியாக எழுதியிருந்தார்கள். ஒலிநூல் உரிமை என்ற வரியில் மட்டும் விரலை வைத்து, “இதை இப்போ நான் குடுக்கணுமா சார்?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். என் பேனாவையே வாங்கி அந்த வரியை அடித்து, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். பதிப்பாளரும் அதே இடத்தில் போட்டுக் கொடுத்துவிட்டதாக நேற்று போன் வந்தது.

வணக்கம்.