பின்பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஊறுகாய், சத்துமாவு, செக்கு எண்ணெய் என்று சொந்தத் தயாரிப்பைக் கடைக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் இப்போது முதலில் தேடுவது பாக்கெட்டை வடிவமைத்துத் தரும் ஒரு டிசைன் நிறுவனத்தைத்தான். நிறுவனத்தார் லேப்டாப்பைத் திறந்து, தாங்கள் செய்த வேலைகளை வரிசையாகக் காட்டுவார்கள். எல்லாமே கண்ணைப் பறிக்கும். காபி ஆறுவதற்குள் முன்பணம் கைமாறிவிடும். நான் அச்சகத்தில் இருப்பவன். அந்த டிசைன்கள் அச்சுக்கு வந்த பிறகு என்ன பாடு படுகின்றன என்பதைத் தினமும் பார்க்கிறவன். அந்த ஒரு தகுதியில்தான் இன்று பேசுகிறேன்.

அங்கே நீங்கள் பார்ப்பவற்றில் பல, அச்சான பொருளே அல்ல. மாக்கப் என்பார்கள். வெற்றுப் பவுச்சின் படம் கணினியில் ஆயத்தமாகக் கிடைக்கிறது. அதன்மேல் டிசைனை ஏற்றினால் நிழலும் பளபளப்பும் தானாக வந்துவிடும். ஒப்புதல் வாங்குவதற்கு அது நல்ல வழிதான், குறை சொல்ல மாட்டேன். அதையே முடித்துக் கொடுத்த வேலை என்று காட்டும்போதுதான் வில்லங்கம்.

கண்டுபிடிப்பது கடினமல்ல. பாக்கெட்டின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். உணவுப் பொருள் என்றால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், சைவம் என்பதற்குப் பச்சைக் கட்டத்துக்குள் பச்சைப் புள்ளி, அதிகபட்ச சில்லறை விலை, நிகர எடை, தயாரிப்பாளர் முகவரி, புகார் சொல்லத் தொலைபேசி எண் எல்லாம் இருந்தாக வேண்டும். பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகள், எடையைக் குறிக்கும் எண் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதைக்கூட வரையறுத்திருக்கின்றன. இவ்வளவையும் உள்ளே அடக்கிக்கொண்டு அழகாக இருப்பதற்குத்தான் திறமை வேண்டும். முன்பக்கத்தில் ஒரு பூவும் ஒரு பெயரும் வைத்து அழகு காட்டுவதற்கு வேண்டியதில்லை. பார்கோடையும் கவனியுங்கள். இந்தியாவில் பதிவு செய்து பெறும் எண் 890 என்று தொடங்கும். படத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக ஓடினால் அந்தப் பாக்கெட் கடைப் படியேறவில்லை. பாக்கெட்டின் நிறத்தோடு ஒத்துப்போகட்டும் என்று வெள்ளையில் சிவப்புக் கோடுகளாகப் பார்கோடு போடுகிறவர்களும் உண்டு. கடைகளில் உள்ள ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிவப்பு ஒளியில் வேலை செய்பவை. அவற்றுக்கு அந்தக் கோடுகள் வெள்ளையோடு வெள்ளையாகத்தான் தெரியும்.

அடுத்தது தமிழ் எழுத்து. எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். டிசைன் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் தமிழை ஏற்றினால், எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். தமிழ் படிக்கத் தெரியாதவர் அதைக் கண்டுபிடிக்கப்போவதில்லை. அவர்கள் காட்டும் படங்களில் உள்ள தமிழை ஒரு வரி விடாமல் படித்துப் பாருங்கள்.

சரியாக ஏற்றிய எழுத்தும் அச்சில் கெடும். கருஞ்சிவப்புப் பின்னணியில், ஐந்து பாயிண்ட் என்னும் பொடி அளவில், வெள்ளை எழுத்தாகச் சேர்மானப் பட்டியல் போட்டிருப்பார்கள். அந்தக் கருஞ்சிவப்பு ஒரே மை அல்ல. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகியவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்துதான் அந்த நிறம் வருகிறது. ஒரு வண்ணம் இம்மியளவு விலகினால் போதும், மை வெள்ளை எழுத்துக்குள் புகுந்துவிடும். முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. பிறகு ணகரத்தின் சுழிகள் அடைபடும். நல்லெண்ணெய் என்று எழுதியதை யாராலும் படிக்க முடியாது. திரையில் இது தெரியாது, பெரிதாக்கித்தானே காட்டுகிறார்கள். கிராவ்யூர் என்ற உருளை அச்சு முறையில் அச்சாகும் பவுச்சாக இருந்தால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஓர் உருளை பொறிக்க வேண்டும், பிழை தெரிந்தால் அந்த உருளைச் செலவு மறுபடியும் உங்கள் தலையில்தான். ஆகவே அச்சான பாக்கெட் ஒன்றைக் கையில் வாங்கி, உங்கள் மளிகைக் கடை வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள்.

அச்சும் எழுத்தும் சரியாக இருந்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. 2009 ஜனவரியில், அமெரிக்காவில் பெப்சிகோ தன் டிராபிகானா ஆரஞ்சுச் சாற்றுப் பெட்டியை மாற்றியது. வடிவமைத்தது ஆர்னெல் என்ற பெயர்பெற்ற நிறுவனம். ஆரஞ்சுப் பழத்தில் ஸ்ட்ரா குத்தியிருந்த பழைய படத்தை எடுத்துவிட்டு, கண்ணாடிக் குவளையில் பழச்சாற்றை வைத்தார்கள். பெயரைச் செங்குத்தாக நிறுத்தினார்கள். இரண்டு மாதத்துக்குள் விற்பனை ஏறத்தாழ 20 சதவீதம் சரிந்ததாகச் செய்திகள் வந்தன. பழைய பெட்டியே திரும்பி வந்தது. தனியே வைத்துப் பார்த்தால் புதிய பெட்டி அசிங்கமானதல்ல. எந்த டிசைன் நிறுவனமும் அதைத் தன் வேலைத் தொகுப்பில் பெருமையாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் வழக்கமாக வாங்குகிறவர்கள் அலமாரியில் தேடியது அந்தப் பழைய பழத்தை.

எனவே ஒவ்வொரு வேலைக்கும், “இதற்கு முன்னால் பாக்கெட் எப்படி இருந்தது, எதை மாற்றாமல் விட்டீர்கள், ஏன்?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால், அந்த வேலையைச் செய்தவர் உங்கள் எதிரில் இல்லை என்று பொருள். வேலையை விட்டுப் போயிருக்கலாம், அல்லது படமே இரவலாக இருக்கலாம். இணையத்தில் படத்தைக் கொடுத்துத் தேடினாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும். “எங்கள் டிசைனால் விற்பனை இரண்டு மடங்கானது” என்று சொன்னால் மட்டும் அதிகம் மயங்காதீர்கள். விலை, விநியோகம், தீபாவளி எல்லாம் சேர்ந்துதான் விற்பனை.

அவர்களுடைய பழைய வாடிக்கையாளர் ஒருவரிடம் பேசுங்கள். பெரிய கம்பெனி வேண்டாம், உங்களைப் போன்ற சிறிய ஆள் போதும். லோகோவின் உரிமையை எழுதிக் கொடுத்தார்களா என்று விசாரியுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் பொதுவாக அது வரைந்தவரிடமே தங்கிவிடும். எழுதிக் கொடுத்தாலும், எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். மூலக் கோப்பு, அதாவது திருத்தக்கூடிய அசல் டிசைன் கோப்பு, கிடைத்ததா என்பதையும் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு வருகிறவர்களுக்கு, லோகோவை நாங்கள் முதலிலிருந்து வரைய வேண்டியிருக்கிறது. அதற்கு நாங்கள் தனியாகப் பணம் வாங்குகிறோம்.

வணக்கம்.