விட்டுப் போனவர்களும் கணக்கில்தான்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

தை, மாசியில் மட்டக்களப்பின் படுவான்கரையில் வேளாண்மை வெட்டுத் தொடங்கினால் கிளினிக் வாங்குகளில் இடம் தாராளமாக இருக்கும். வெள்ளம் வந்து பாதை மூடினாலும் அப்படித்தான். கொப்பியில் திகதி இருக்கும், ஆள் வராது. வருகிறவர் சிலரின் பையிலும் போன மாதக் குளிசை பாதி மிச்சம் கிடக்கும்.

புதிய மருந்தொன்றைச் சோதிக்கும் ஆய்விலும் இதுவே நடக்கிறது. எழுமாற்றாக, அதாவது சீட்டுக் குலுக்கியதுபோல, ஆட்களைப் பிரித்து ஒரு குழுவுக்கு மருந்தும் மற்றக் குழுவுக்கு வெற்றுக் குளிசையும் கொடுப்பார்கள். கடைசியில், “ஒழுங்காகக் குடித்தவர்களை மட்டும் எடுத்துக் கணக்குப் பார்ப்போமே” என்று யாருக்கும் தோன்றும். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் அது ஆபத்தான கணக்கு.

மாரடைப்பு வந்த ஆண்களிடம் அமெரிக்காவில் நடந்த ‘கொறனரி ட்றக் புரொஜெக்ட்’ ஆய்வின் முடிவொன்று 1980இல் வெளிவந்தது. குளோஃபைப்ரேட் என்ற மருந்தை 80 சதவீதமாவது குடித்தவர்களில் ஐந்து வருடத்துக்குள் இறந்தவர்கள் 15 சதவீதம். அதைவிடக் குறைவாகக் குடித்தவர்களில் 24.6 சதவீதம். மருந்துதான் காப்பாற்றியது என்று சொல்லிவிடலாம் போலிருக்கிறது, இல்லையா? வெற்றுக் குளிசைக் குழுவையும் பாருங்கள்: ஒழுங்காகக் குடித்தவர்களில் 15.1, குடிக்காதவர்களில் 28.2. அந்தக் குளிசையில் மருந்தே இல்லை! ஆரம்பத்தில் பதிந்த 40 அம்சங்களைச் சமப்படுத்திப் பார்த்தும் அந்த இடைவெளி மறையவில்லை. ஒழுங்காகக் குடிப்பவரும் விட்டுவிடுபவரும் நாம் அளக்காத எத்தனையோ வகையில் வேறு வேறு ஆட்கள்.

அதனால்தான் ஒருவரை எந்தக் குழுவில் போட்டோமோ, குளிசை குடித்தாலும் விட்டாலும், அந்தக் குழுவிலேயே எண்ண வேண்டும். ஒரு மருந்து இன்னொன்றுக்குக் குறைந்ததல்ல என்று காட்டும் ஆய்வில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. பலர் குடிக்காமல் விட்டால் இரண்டு மருந்தும் ஒன்றுபோலத் தெரிந்துவிடும். அங்கே ஒழுங்காகக் குடித்தவர்களின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

ஆளே வராமல் போனால்? சீனி வருத்தக்காரர் ஒருவர் மூன்றாம் மாதம் நின்றுவிட்டார் என்றால், அன்றைய சீனி அளவையே வருடக் கடைசிவரை நிரப்புவது பழைய வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வருத்தம் அந்த அளவிலேயே நிற்குமா? அவரைப் போன்றவர்களின் தரவிலிருந்து நடக்கக்கூடிய அளவுகளைப் பல தடவை நிரப்பி, முடிவு எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பது மேல். விட்டவர்களுக்கு வருத்தம் கூடியிருந்தால் என்னவாகும் என்றும் கணக்கிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட, ஆளைத் தேடிப் போவதே நல்லது. ஆய்வொன்றில் சேர்ந்த நேயர்கள் யாராவது குளிசையை நிறுத்தியிருந்தால், ஏச்சு விழும் என்று ஒளிக்க வேண்டாம். குளிசை வேண்டாமென்றாலும், விருப்பமிருந்தால், இரத்தம் சோதிக்கும் நாளுக்கு மட்டும் வாருங்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.